பூந்திக்கொட்டை, பார் சோப்பு, சிலரி லிக்விட்: எங்க வீட்டு போர் தண்ணிக்கு எது தேறுச்சு

போன வருசம் ஆவணில மதுரை சிம்மக்கல் வாடகை வீட்ட காலி பண்ணிட்டு ஊமச்சிகுளம் தாண்டி சொந்த வீட்டுக்கு வந்தோம். வீடு பெருசு, காத்து வருது, வண்டி நிறுத்த இடம் இருக்கு, எல்லாம் சரி, தண்ணி மட்டும் போர் தண்ணி. மொத மாசம் ஒண்ணும் தெரியல. ரெண்டாவது மாசம் என்னோட வெள்ளச் சட்டையெல்லாம் சாம்பக் கலருக்குப் போயிடுச்சு, துண்டு காஞ்சதும் அப்பளம் மாதிரி வெறச்சு நிக்குது, பக்கெட் ஓரத்துல வெள்ளையா ஒரு பிசுக்கு ஒட்டிக்கிட்டு நகத்தால சுரண்டுனாத்தான் வருது.

உடனே வீட்டுக்குள்ள மூணு கட்சி ஆயிடுச்சு. அம்மா பார் சோப்பு கட்சி, "சவுக்காரம் போட்டுத் தேய்க்காம துணி எப்பிடிடா வெளுக்கும், நீங்க தேய்க்கிறதே இல்ல"ங்குது. மதினி பூந்திக்கொட்டை கட்சி. நான் ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட், அதனால ஆசிட் சிலரின்னு விக்கிற டிடர்ஜென்ட் மூலச்சரக்க வாங்கி நம்மளே லிக்விட் கலந்துக்கலாம்னு நின்னேன். என் வீட்டுக்காரி வீட்டுல இருந்தே சுங்குடிச் சேலை வித்துக்கிட்டு இருக்கு, அதுக்கு ஒரே கவலைதான், எதப் போட்டாலும் சேலைச் சாயம் போகக் கூடாது. ஒரு வருசத்துக்கு மேல மூணையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்தாச்சு. இப்ப வீட்டுல ஓடுறது என் லிக்விடுதான், அத முன்னாடியே சொல்லிடுறேன், அந்தப் பக்கம் சாஞ்சுதான் எழுதுவேன்.

இந்த ஆர்கானிக் பேச்ச மொதல்ல முடிச்சுக்கிறேன். மதினி ஒரு நாள் பாக்கெட்டக் கொண்டாந்து வச்சு, "தம்பி இது கெமிக்கல் இல்லாதது, ஆர்கானிக்"னாங்க. கடைல ஆர்கானிக்னா மருந்தடிக்காதது, செடி கொடில இருந்து வந்ததுனு அர்த்தம். கெமிஸ்ட்ரில அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேற, கார்பன் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு ஹைட்ரஜனையும் கூட சேத்துக்கிட்டு நிக்கிற சட்டகம் இருந்தா அது ஆர்கானிக் காம்பவுண்ட், அம்புட்டுதான். ஒரு காலத்துல விஞ்ஞானிகளும் மதினி மாதிரிதான் நெனச்சாங்க, உயிருள்ளதுல இருந்து மட்டும்தான் இதெல்லாம் வரும்னு. 1828ல வோலர்னு ஜெர்மன்காரர் அம்மோனியம் சயனேட்ட சூடு பண்ணி யூரியா எடுத்துக் காட்டுனாரு, யூரியா மூத்திரத்துல இருக்கிற சரக்கு, அதுக்கு எந்தச் சிறுநீரகமும் தேவைப்படல. அதுக்கப்புறம் மெதுவா அந்த நம்பிக்கை சரிஞ்சுச்சு. இந்தக் கணக்குப்படி பாத்தா கடைல விக்கிற வாஷிங் பவுடர்ல அழுக்கு எடுக்கிற சாமான் சுத்தமான ஆர்கானிக், கூட கலந்திருக்கிற வாஷிங் சோடாதான் இன்ஆர்கானிக் (அதுலயும் கார்பன் இருக்கு, ஆனா கார்பனேட்ட அந்தப் பக்கம் சேத்துட்டாங்க, அது பழைய பங்காளிச் சண்டை). இத மதினிகிட்ட விளக்கமா சொன்னேன். "அந்தக் கணக்கெல்லாம் ஒங்க லேப்போட வச்சுக்கங்க தம்பி"ன்டாங்க.

ஆனா ஒண்ணு, இதுல ஒரு நெஜமான விசயம் இருக்கு. அழுக்கெடுக்கிற சாமான் எல்லாத்துக்கும் சர்ஃபாக்டன்ட்னு பேரு, துணி தொவைக்க நம்ம வாங்குற சர்ஃபாக்டன்ட் எல்லாமே ஆர்கானிக் காம்பவுண்டுதான், ஆனா ஆர்கானிக் காம்பவுண்ட் எல்லாம் சர்ஃபாக்டன்ட் ஆயிடாது. மண்ணெண்ணெய எடுத்துக்கங்க, பூராம் கார்பன் சங்கிலிதான், தண்ணியப் பாத்தாலே ஒதுங்கிப் போயிடும். சர்க்கரைய எடுத்துக்கங்க, அதுவும் ஆர்கானிக்தான், தண்ணியோட கரைஞ்சு காணாமப் போயிடும், எண்ணெயத் திரும்பிக்கூடப் பாக்காது. ரெண்டு பேரும் ஒரே உடம்புல இருக்கணும், ஒரு முனை தண்ணியப் பிடிக்கணும், மறு முனை எண்ணெயப் பிடிக்கணும், அப்பத்தான் சர்ஃபாக்டன்ட். தண்ணி பிடிக்கிற முனையத் தலைன்னும் எண்ணெய் பிடிக்கிற முனைய வாலுன்னும் சொல்லுவோம். லேப்ல ரெண்டு டப்பா பக்கத்துல பக்கத்துல இருக்கும், சோடியம் அசிட்டேட், சோடியம் ஸ்டியரேட். ரெண்டுக்கும் தலை ஒண்ணுதான், கார்பாக்சிலேட். மொதல்லதுக்கு மொத்தமே 2 கார்பன், ரெண்டாவதுக்கு 18. மொதல்லத தண்ணில போட்டு ஆயுசுக்கும் குலுக்குனாலும் நுரை வராது. ரெண்டாவதுதான் சோப்பு. வாலு நீண்டதும் ஆளே மாறிப் போறான்.

தண்ணியோட பரப்பு இழுவிசை சாதாரண சூட்டுல 72 மில்லிநியூட்டன் பெர் மீட்டர், நல்ல சர்ஃபாக்டன்ட் போட்டா 30 பக்கத்துக்கு எறங்கிரும், அதான் தண்ணி துணி இழைக்குள்ள பூந்து போகுது. அதுக்கு மேல சரக்கு சேந்தா வாலெல்லாம் உள்ள பாத்தும் தலையெல்லாம் வெளிய பாத்தும் உருண்டை உருண்டையா கூடிரும், மைசெல்னு சொல்லுவோம், எண்ணெய்ப் பிசுக்கு அந்த உருண்டைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டு தண்ணியோட வெளிய போயிரும். இது பத்தாப்பு பாடத்துலயே இருக்கு, ரொம்ப இழுக்கல.

எங்க வீட்டு மூணு கட்சிக்கும் வருவோம். பார் சோப்புக்கு வாலு கொழுப்பமிலச் சங்கிலி, தலை கார்பாக்சிலேட். சிலரில இருக்கிறதுக்கு வாலு பத்துல இருந்து பதிமூணு கார்பன் நேர்ச்சங்கிலி, நடுவுல ஒரு பென்சீன் வளையம், தலை சல்ஃபோனேட். பூந்திக்கொட்டைல இருக்கிறது சபோனின், எண்ணெய் பிடிக்கிற பக்கம் 30 கார்பன் உள்ள பெரிய வளையக் கூட்டம், தண்ணி பிடிக்கிற பக்கம் சர்க்கரைத் துண்டுகளக் கோத்து விட்ட மாதிரி. வாலு மூணுக்கும் ஏறக்குறைய ஒரே வேலைதான். மரத்துல இருந்து வந்துச்சா மண்ணெண்ணெய்ல இருந்து வந்துச்சாங்கிற சண்டை பூராம் வாலப் பத்தின சண்டை. எங்க வீட்டுல தகராறு தலையில.

ஏன்னு தெரிஞ்சுக்க போர் தண்ணிய ஒரு பாட்டில்ல பிடிச்சு லேப்புக்குக் கொண்டு போனேன். தண்ணியோட கடினத்தன்மைய, அதாவது கால்சியமும் மக்னீசியமும் எம்புட்டு இருக்குனு, அளக்க மொதல் வருசப் பசங்க செய்யிற அதே இடிடிஏ டைட்ரேசன்தான், 50 மில்லி தண்ணி, பஃபர், எரியோகுரோம் பிளாக் டி, ஒயின் சிவப்பு நீலமா மாறுற வரைக்கும் சொட்டு விடணும். சிம்மக்கல் குழாய்த் தண்ணிக்கு 6 மில்லில நீலம் வந்துருச்சு, கால்சியம் கார்பனேட் கணக்குல லிட்டருக்கு 120 மில்லிகிராம். எங்க வீட்டுத் தண்ணிக்கு விட்டுக்கிட்டே இருக்கேன், 31 மில்லி குடிச்சுட்டுத்தான் நிறம் மாறுச்சு, ஆக 620. இந்தியத் தர நிர்ணயப்படி குடிதண்ணிக்கு 200தான் நல்ல அளவு, வேற தண்ணிக்கு வழியே இல்லன்னா 600 வரைக்கும் பொறுத்துக்கலாம். நம்ம வீடு அந்த பொறுத்துக்கலாமையும் தாண்டி நிக்குது. ஊர்ல இத உப்புத்தண்ணிம்பாங்க, ஆனா நாக்குல கரிக்கிற உப்பு வேற ஆளு, அது சோடியம். துணியக் கெடுக்கிறது கால்சியமும் மக்னீசியமும், அது கரிக்காமயேகூட இருக்கும். டீ போட்ட பாத்திரத்துல வெள்ளையா படியுது பாருங்க, அவன்தான்.

இந்த மொத்தக் கதையவும் தீர்மானிச்சது இந்த 620தான், அதனால கொஞ்சம் நின்னு கணக்குப் பாக்கிறேன். சோப்போட கார்பாக்சிலேட் தலைக்கு கால்சியத்தக் கண்டா விட மனசு வராது, ரெண்டு சோப்பு மூலக்கூறு சேந்து ஒரு கால்சியத்தப் பிடிச்சுக்கிட்டு தண்ணில கரையாத பிசுக்கா கீழ வந்துரும். 620 மில்லிகிராம்னா லிட்டருக்கு 6.2 மில்லிமோல், அதுக்கு ரெட்டிப்பா 12.4 மில்லிமோல் சோப்பு வேணும், சோடியம் ஸ்டியரேட்டோட மோலார் எடை 306, பெருக்குனா லிட்டருக்கு 3.8 கிராம். 15 லிட்டர் பக்கெட்டுக்கு 57 கிராம். 150 கிராம் கட்டில மூணுல ஒரு பங்குக்கு மேல, அழுக்கப் பாக்கிறதுக்கு முன்னாடியே தண்ணிக்குத் தீனி போட்டே தீந்துரும். இதே சிம்மக்கல் தண்ணினா அதே பக்கெட்டுக்கு 11 கிராம். அங்க இருந்தப்ப அம்மா சொன்ன சவுக்காரம் ஏன் வேலை செஞ்சுச்சு, இங்க ஏன் கைவிட்டுருச்சுங்கிறதுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டியதில்ல.

அம்மா இதுக்கு ஒரு பதில் வச்சிருந்துச்சு, அதுவும் சரியான பதில்தான். "நான் என்ன பக்கெட்லயாடா கரைக்கிறேன், துணில நேராத் தேய்க்கிறேன்ல"ங்குது. ஆமா, கல்லுல வச்சுத் தேய்க்கும்போது துணில இருக்கிற தண்ணி கொஞ்சம், சோப்பு நெறைய, அங்க சோப்புதான் ஜெயிக்கும், அழுக்கும் எறங்கும், நுரையும் வரும். வில்லங்கம் அலசுறப்ப. நுரை உள்ள துணியக் கொண்டு போய் பக்கெட் நெறைய போர் தண்ணில முக்கும்போது சோப்பு கொஞ்சம், கால்சியம் நெறையன்னு தலைகீழாயிருது. துணி இழைக்குள்ள இருந்த சோப்பு அங்கயே பிசுக்கா மாறி உக்காந்துக்கும், கூடவே எறங்கின அழுக்கையும் பிடிச்சு வச்சுக்கும். மறுபடி அலசினா இன்னும் கால்சியத்தக் கொண்டாந்து கொட்டுறோம். சாம்பக் கலரும் வெறப்பும் மழை நாள்ல வர்ற முக்க வாடையும் எல்லாம் அதோட வேலைதான். நான் மாசக் கணக்கா பவுடர் சரியில்ல வெயில் சரியில்லனு பேசிக்கிட்டு இருந்தேன், அலசுற தண்ணியப் பத்தி யோசிக்கவே இல்ல.

பார் சோப்புக்கு நல்லது சொல்லணும்னா சொல்றேன், தாராளமாவே சொல்லலாம். கொழுப்ப காஸ்டிக் சோடாவோட காச்சினா சோப்பும் கிளிசரினும் பிரியும், 1823லயே செவ்ரல்ங்கிற பிரெஞ்சுக்காரர் கொழுப்புக்குள்ள என்ன இருக்குனு பிரிச்சுப் புத்தகமா போட்டுட்டாரு, அந்த மனுசன் 102 வயசு வரைக்கும் இருந்தாரு. செய்முறை எளிசு, சாக்கடைக்குப் போனாலும் பாக்டீரியா சுலபமா தின்னுரும். கொறை என்னன்னா கால்சியம் மட்டும் இல்ல, புளிப்பும் ஆகாது. சோப்புத் தண்ணில எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு பாருங்க, பாலு திரிஞ்ச மாதிரி ஆயிரும், கார்பாக்சிலேட் தலை புளிப்புல ஹைட்ரஜன வாங்கிக்கிட்டு பழையபடி கொழுப்பமிலமா மாறிரும், தண்ணி பிடிக்கிற குணமே போயிரும். சல்ஃபோனேட் தலைக்கு இந்த வியாதி கெடையாது, அது பலமான அமிலத்தோட வாரிசு, எலுமிச்சைக்கெல்லாம் மசியாது. அப்பறம் சோப்புத் தண்ணியோட பிஎச் 9, 10ன்டு நிக்கும், சுங்குடிக்கு அது வேண்டாம்னு வீட்டுக்காரி மொத நாளே சொல்லிருச்சு.

பூந்திக்கொட்டை. இத நான் கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தவன், பரிசோதனைல மூக்கு ஒடைஞ்சுச்சு. மூணு தண்ணிப் பாட்டில்ல போர் தண்ணி பாதி பாதி ஊத்தி, ஒண்ணுல பார் சோப்பு சீவல், ஒண்ணுல நடுநிலையாக்குன சிலரி, ஒண்ணுல பூந்திக்கொட்டை ஊற வச்ச தண்ணி, மூடியப் போட்டு ஒரே மாதிரி குலுக்குனேன். சோப்பு பாட்டில்ல தயிர் ஒடஞ்ச மாதிரி திப்பி திப்பியா நின்னுச்சு. சிலரில நுரை வந்துச்சு ஆனா லேசா கலங்குச்சு. பூந்திக்கொட்டைல கழுத்து வரைக்கும் நுரை, தண்ணியும் தெளிவு. காரணம் சுலபம், அதோட தலை சர்க்கரை, மின்னூட்டம்னு ஒண்ணு கெடையாது, கால்சியத்துக்குப் பிடிச்சு இழுக்கக் குடுமியே இல்ல. மரம் நமக்கு முன்னாடியே கடினத் தண்ணிக்குத் தோதான சரக்கு தயார் பண்ணி வச்சிருக்கு. சீயக்காய்லயும் சபோனின்தான், நம்ம பாட்டிமாரு உப்புத்தண்ணிக் கெணத்துல தலை குளிச்சும் முடி பிசுபிசுக்காம இருந்தது அதாலதான்.

மதினிக்கு அன்னைக்கு ஒரே சிரிப்பு. ஆனா நுரை வேற, அழுக்கு எறங்குறது வேற. நாலு மாசம் இத மட்டுமே போட்டுப் பாத்தோம், கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைல கிலோக் கணக்குல வாங்கி, கொட்டைய எடுத்துட்டு தோல மட்டும் ராத்திரி ஊறப் போட்டு காலைல கொதிக்க விட்டு வடிகட்டி. போட்டிருந்த சேலை, தாவணி, சும்மா வேர்வை பட்ட துணிக்கெல்லாம் அருமை. பையனோட யூனிஃபார்ம் காலர், அண்ணன் வண்டி மெக்கானிக் வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டை, கொழம்பு சிந்துன துண்டு இதுக்கெல்லாம் கைய விரிச்சிருச்சு. வெள்ளத் துணில லேசா ஒரு பழுப்பு ஏறுச்சு, தோல்ல இருந்து எறங்குற நிறம்தான்னு நெனைக்கிறேன். முக்கியமான கொறை இருப்பு, வடிச்ச தண்ணி மூணாம் நாள் புளிச்சு நாறுது, அதுல இருக்கிறது சர்க்கரைதான, கிருமிக்கும் விருந்து. ஃப்ரிட்ஜ்ல வச்சா ஒரு வாரம் தாங்குச்சு, ஆனா மாவுச் சட்டிக்குப் பக்கத்துல அது எதுக்குனு அம்மா சத்தம். நாங்க வாங்குனது ரெண்டு மூணு தடவ வாங்குன சரக்குதான், வேற எடத்துச் சரக்குல பலன் கூடக் கொறைய இருக்கலாம்.

இன்னொண்ணும் சொல்லணும். செடில இருந்து வந்ததுங்கிறதால பரம சாதுன்னு நெனைக்கக் கூடாது. சபோனின் மீனுக்கு ஆகாது, செவுள்ல வேலையக் காட்டும், சபோனின் உள்ள செடிகள நசுக்கிக் கொளத்துல போட்டு மீன் பிடிக்கிற வழக்கம் பல நாட்டுல இருந்திருக்கு.

சுங்குடிக்கு மட்டும் இதுதான். இதுல எனக்கும் வீட்டுக்காரிக்கும் கருத்து வேறுபாடே இல்ல. பருத்தி, கையால முடிச்சுப் போட்டு சாயம் ஏத்துற சேலை, 2005ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம ஊர்ச் சரக்கு. மொத அலசல்ல கல்லுப்புத் தண்ணி, அதுக்கப்புறம் பூந்திக்கொட்டைத் தண்ணி, நெழல்ல காயப் போடணும், அம்புட்டுதான். அந்தத் தண்ணி லேசா புளிப்புப் பக்கம் நிக்கும், காரம் இல்ல, அதனால புள்ளிச் சாயம் பக்கத்துல எறங்குறது ரொம்பக் கொறச்சல். வாங்குற அக்காமாருகிட்டயும் இதத்தான் எழுதிக் குடுத்துவிடுது.

இனி என் லிக்விடு.

ஆசிட் சிலரின்னு கடைல கேட்டா கேன்ல இருந்து கரும்பழுப்பா, கெட்டிப் பாகு மாதிரி ஊத்தித் தருவாங்க. முழுப் பேரு லீனியர் ஆல்கைல் பென்சீன் சல்ஃபோனிக் ஆசிட். மண்ணெண்ணெய்ல இருந்து நேர்ச்சங்கிலிய மட்டும் பிரிச்செடுத்து பென்சீனோட சேத்தா அந்த ஆல்கைல் பென்சீன் கெடைக்கும், நம்ம சென்னை மணலியிலயே தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் கம்பெனி அதத் தயாரிக்குது, அதுல சல்ஃபர் டிரைஆக்ஸைட ஏத்துனா சிலரி. இந்த மாதிரி செயற்கைச் சரக்கு பொறந்த கதையே பஞ்சத்துல இருந்துதான், மொதல் உலகப் போர்ல ஜெர்மனில சோப்புக் காச்சக் கொழுப்பு இல்லாமப் போயி, நிலக்கரித் தார்ல இருந்து சல்ஃபோனேட் செய்ய ஆரம்பிச்சாங்க. கொழுப்பு திங்கவே பத்தாதப்ப துணிக்கு ஏது.

நேர்ச்சங்கிலின்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா அதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. ரெண்டாம் உலகப் போருக்கப்புறம் மொதல்ல வந்த ஆல்கைல் பென்சீனுக்கு கிளை கிளையா பிரிஞ்ச வாலு. அழுக்கு நல்லா எடுத்துச்சு, ஆனா பாக்டீரியா சங்கிலியோட நுனில இருந்து ரெண்டு ரெண்டு கார்பனா கடிச்சுக்கிட்டே வரும், வழில கிளை வந்தா பல்லு எறங்காது, கரும்புக் கணுவுல மாட்டுன மாதிரி. 1950கள்ல ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் ஆத்துல நுரை மலை மலையா மெதந்துச்சு. ஜெர்மனி 1961ல சட்டமே போட்டுச்சு, 1965 வாக்குல அமெரிக்கக் கம்பெனிகளும் நேர்ச்சங்கிலிக்கு மாறிட்டாங்க. ஒரே அணுக்கள், ஒரே தலை, வாலு நேரா இருக்கா கிளை விட்டிருக்காங்கிறதுல ஆத்தோட தலையெழுத்து மாறுது.

தலைக்கு வருவோம். சல்ஃபோனேட் கால்சியத்த சோப்பு மாதிரி இறுக்கிப் பிடிக்காது. அதுக்காக சுத்தமாப் பிடிக்காதுன்னும் சொல்ல முடியாது, பாட்டில்ல லேசா கலங்குச்சுனு சொன்னேன்ல, 620ல அதுவும் கொஞ்சம் திணறத்தான் செய்யுது. அதனாலதான் கம்பெனி பவுடர்ல கால்சியத்தக் கவனிக்கவே தனியா ஆளு போடுறாங்க, வாஷிங் சோடா, ஜியோலைட் மாதிரி. வாஷிங் சோடா கால்சியத்தச் சுண்ணாம்பாக்கிக் கீழ தள்ளும், மலிவு, ஆனா அந்தச் சுண்ணாம்புப் பொடி கொஞ்சம் துணிலயும் மெசின்லயும் உக்காரும். எனக்கு அது வேணாம்னு தோணுச்சு. பதிலுக்கு எஸ்எல்ஈஎஸ் சேத்தேன், ஷாம்புல போடுற பேஸ்ட், வெள்ளையா ஜெல் மாதிரி இருக்கும். அதோட தலை சல்ஃபேட், தலைக்கும் வாலுக்கும் நடுவுல ரெண்டு மூணு ஆக்சிஜன் கண்ணி உள்ள கழுத்து ஒண்ணு இருக்கு, அந்தக் கழுத்தால கால்சியம் வந்தாலும் கரைஞ்சே நிக்கும். சிலரியோட இதக் கலந்தா ரெண்டும் ஒரே மைசெலுக்குள்ள கலந்து உக்காந்து சிலரியவும் கீழ விழாமத் தாங்கிக்குது. பாட்டில் பரிசோதனைய மறுபடி செஞ்சேன், கலங்கல் போச்சு, நுரை நின்னுச்சு.

கலக்குற வெவரம் சுருக்கமா. அரைக் கிலோ சிலரிக்கு காஸ்டிக் 55ல இருந்து 60 கிராம் பிடிக்கும், சிலரியோட வீரியத்தப் பொறுத்து. காஸ்டிக்க தண்ணில கரைச்சாலே பாத்திரம் சுடும், ஆற விட்டுத்தான் அடுத்த வேலை. சிலரிய அஞ்சாறு லிட்டர் தண்ணில கலக்கி, காஸ்டிக் தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா விட்டு, பிஎச் பேப்பர்ல 7, 8க்குள்ள நிப்பாட்டணும். கையுறை, கண்ணாடி இல்லாமத் தொடவே கூடாது, பிளாஸ்டிக் வாளி போதும், அலுமினியப் பாத்திரம் எடுத்துறாதீங்க, காஸ்டிக் அத அரிச்சுரும். அப்பறம் அரைக் கிலோ எஸ்எல்ஈஎஸ், கடைசில மொத்தம் 10 லிட்டர் வர்ற மாதிரி தண்ணி. தண்ணி மட்டும் போர் தண்ணி வேணாம், கேன் தண்ணியோ மழைத் தண்ணியோ. பிள்ளைக வீட்டுல இல்லாத நேரமாப் பாத்து மொட்டை மாடில செய்யிறேன்.

கடைசியா உப்பு. சமையல் உப்பப் போட்டா லிக்விடு கெட்டியாகும், நம்ம ஊர்ல கெட்டியா இருந்தாத்தான் வீரியம்னு ஒரு நம்பிக்கை, ஆனா அதுக்கும் அழுக்குக்கும் சம்மந்தமே இல்ல. தலைகளுக்கு நடுவுல இருக்கிற விரட்டல உப்பு தணிச்சு விடுறதால உருண்டை மைசெல் நீண்டு புழு மாதிரி ஆகி ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும், அதான் கெட்டி. ஆசைப்பட்டு அள்ளிப் போட்டா ஒரு அளவுக்கு மேல திரும்ப நீத்துப் போயிரும். எனக்கு மொத ஈடு அப்பிடித்தான் போச்சு, இன்னும் கெட்டியாகட்டும்னு போட்டுக்கிட்டே இருந்தேன், பத்து லிட்டரும் ரசம் மாதிரி ஓடுச்சு. அம்மா எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போச்சு, அதுதான் ரொம்ப வலிச்சுச்சு. துணி என்னவோ அதுலயும் நல்லாத்தான் வெளுத்துச்சு.

ஒரு வருச பலன் என்னன்னா, துண்டு மறுபடி துண்டு மாதிரி இருக்கு. சாம்பலான வெள்ளச் சட்டை ரெண்டு மூணு மாசத்துல ஓரளவு தெளிஞ்சுச்சு, முழுசா பழைய நெலைக்கு வரல. மெசின் ஓரத்துல பிசுக்குப் படியிறது நின்னுச்சு. நான் இத ஜெயிச்சதா எடுத்துக்கிறதுக்கு மெயின் காரணமே மெசின்தான், முன்னாடி மூணு மாசத்துக்கு ஒரு தடவ டிரெய்ன் குழாய் அடைச்சு ஆளக் கூப்பிடணும், வந்தவரு உள்ள இருந்து மெழுகு மாதிரி ஒண்ண வழிச்சு வழிச்சு எடுத்துப் போட்டுக் காட்டுவாரு, சுண்ணாம்புச் சோப்பு அது. லிக்விடுக்கு மாறுனப்பறம் ஒரு தடவகூடக் கூப்பிடல. எங்களோடது செமி ஆட்டோமேட்டிக், மேல தெறந்து போடுறது. ஃப்ரண்ட் லோடு வச்சிருக்கிறவுக இதப் போடாதீங்க, எஸ்எல்ஈஎஸ் நுரை அடங்காது, கதவு வழியா வெளிய வந்துரும். செலவும் கடை லிக்விடுல பாதிக்குக் கீழதான் வருது, நம்ம நேரத்துக்குக் கூலி போடலன்னா.

கொறையும் இருக்கு, மறைக்கல. கையால தொவைக்கும்போது வீட்டுக்காரிக்கு விரலிடுக்குல தோல் வறண்டு வெடிச்சுச்சு, சல்ஃபோனேட் தோல்ல இருக்கிற எண்ணெயவும் விட்டு வைக்காது, அதுக்கு அழுக்கெண்ணெய் நல்லெண்ணெய்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாதுல்ல. அளவக் கொறச்சு, கையால தொவைக்கிறப்ப கையுறை போட்டப்பறம் சரியாச்சு. அப்பறம் கழிவு. நேர்ச்சங்கிலி சிலரிய பாக்டீரியா தின்னும்னு சொன்னேன், அது காத்து உள்ள எடத்துலதான். காத்துப் போகாத செப்டிக் டேங்குக்குள்ள அது அசையாம கெடக்கும். மழை முடிஞ்சா அவனியாபுரம் பக்கம் கண்மாய்த் தண்ணில நுரை பொங்குறத டிவில காட்டுறாங்க, அதப் பாக்கும்போதெல்லாம் நம்ம வீட்டுப் பங்கும் எங்கயோ இப்பிடித்தான் போய்ச் சேருதோனு ஒரு உறுத்தல். அதனால துணித் தண்ணிய செப்டிக்ல விடாம கொல்லைல கூழாங்கல்லும் மணலும் போட்ட தொட்டில விட்டு, அதத் தாண்டி கல்வாழைக்குப் போற மாதிரி பண்ணியிருக்கோம். கல்வாழை நல்லாத்தான் நிக்குது. ஆனா நேரா வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் விடல, சிலரியோ சோப்போ எதுலயும் சோடியம் இருக்கு, மண்ண இறுக்கிரும்.

இப்ப ஏற்பாடு இப்பிடி ஓடுது. தெனசரித் துணி, யூனிஃபார்ம், பெட்சீட் எல்லாம் லிக்விடு, மெசினுக்கு ஒரு ஈடுக்கு 40 மில்லி. சுங்குடி, பட்டு, மதினியோட சேலைக்கு பூந்திக்கொட்டை. பார் சோப்புக்கு வீட்டுல எடமே இல்லனுதான் நெனச்சிருந்தேன்.

இந்த ஐப்பசில நல்ல மழை. அம்மா மொட்டை மாடிக் குழாய்க்கு அடில கல்யாண அண்டாவ வச்சு ரெண்டு நாள் தண்ணி பிடிச்சுச்சு. ஞாயித்துக்கெழம காலைல கல்லுல உக்காந்து அதே பழைய பார் சோப்பப் போட்டு என்னோட வெள்ளச் சட்டையத் தேய்க்குது, நுரை கை நெறைய, அலசுன தண்ணி பளிங்கா இருக்கு, பக்கெட் ஓரத்துல ஒரு பிசுக்கு இல்ல. அந்தத் தண்ணிலயும் ஒரு பாட்டில் பிடிச்சு மறுநா லேப்புக்குக் கொண்டு போனேன், இடிடிஏ ரெண்டு சொட்டு விழுகவும் நீலம் வந்துருச்சு. சாயந்தரம் வந்து சொன்னேன். "அப்ப என் சவுக்காரத்துல கொறை இல்லல்ல"ன்டு கேட்டுச்சு. இல்லம்மா, தண்ணிலதான்னேன். "தை வரைக்கும் மழைத்தண்ணி வச்சுக்கிறேன், ஒரு டிரம்மு வாங்கிட்டு வா, மூடி போட்டது"ன்டு சொல்லிருச்சு. 200 லிட்டர் நீல டிரம் வாங்கி வச்சாச்சு.